சோர்பே ஏன் கல்லாக உறைகிறது, கரண்டி இறங்கும்படி எப்படிச் செய்வது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இதுதான்: இரண்டு பெரிய மாம்பழங்களின் சதை, ஏறக்குறைய அரைக் கிலோ. அதை மிக்ஸியில் அடித்து, ஒரு டம்ளர் தண்ணீரும் இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரையும் சேர்த்து, டப்பாவில் ஊற்றி ஃப்ரீசரில் வைத்தீர்கள். மறுநாள் பார்த்தால் கரண்டி இறங்கவில்லை. சுரண்டித் தின்றால் மாம்பழ வாசனை அடித்த ஐஸ்கட்டி போல இருந்தது. ஐஸ்க்ரீம் மெஷின் இல்லாமல் நல்ல சோர்பே (பாலில்லாமல் பழத்தையும் சர்க்கரையையும் அடித்து உறைய வைக்கும் இனிப்பு) வருமா, சர்க்கரையைக் கூட்டாமல் வருமா, அன்னாசிக்கும் இதே அளவு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி மூன்றாகத் தெரிகிறது. ஆனால் உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கையில் இருக்கும் பழத்துக்கு எவ்வளவு சர்க்கரை வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது. அது பிடிபட்டுவிட்டால் மெஷின் இல்லாத குறை பெரிதாகத் தெரியாது. அன்னாசிக்கும் தனிக் குறிப்பு தேட வேண்டியிருக்காது.

நான் இனிப்பு வகைகளில் முறையாகப் பயிற்சி எடுத்து, உணவகச் சமையலறைகளில் பல வருடம் ஐஸ்க்ரீமும் சோர்பேயும் செய்திருக்கிறேன். மெஷினிலும் செய்திருக்கிறேன், வெறும் தட்டையும் முள்கரண்டியையும் வைத்தும் செய்திருக்கிறேன். அந்த அனுபவத்தில், நிச்சயமாகத் தெரிந்ததை நிச்சயமாகவும், பழத்துக்குப் பழம் மாறுவதை அப்படியே மாறுவதாகவும் சொல்கிறேன்.

முதலில் உங்கள் டப்பாவுக்குள் என்ன நடந்தது என்று பார்ப்போம். சர்க்கரை கலந்த தண்ணீர் 0 டிகிரி செல்சியஸில் உறையாது, கொஞ்சம் கீழே போன பிறகுதான் உறையத் தொடங்கும். உறையும்போது தண்ணீர் மட்டும் தனியாகப் பிரிந்து பனிப்படிகமாகும். சர்க்கரை அந்தப் படிகத்துக்குள் போகாது, மிச்சமிருக்கும் திரவத்திலேயே தங்கிவிடும். அதனால் மிச்சத் திரவம் மேலும் மேலும் கெட்டிப்பட்டுப் பாகாகும். பாகு கெட்டியாக ஆக, அதை உறைய வைப்பது இன்னும் கடினமாகும். வீட்டு ஃப்ரீசரின் வழக்கமான குளிர் மைனஸ் 18 டிகிரி. அந்தக் குளிரில் உறையாமல் நிற்கும் பாகில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவாகச் சர்க்கரை இருக்கும். சோர்பே மிருதுவாக இருப்பது இந்தப் பாகினால்தான். படிகங்களுக்கு நடுவே அது ஓடி நிற்பதால்தான் கரண்டி இறங்குகிறது.

இப்போது உங்கள் கணக்கு. நல்ல பழுத்த மாம்பழத்தில் சர்க்கரை ஏறக்குறைய 15 சதவீதம் என்று வைத்தால், 500 கிராம் சதையில் 75 கிராம். நீங்கள் போட்டது 25 கிராம். மொத்தம் 100 கிராம் சர்க்கரை. தண்ணீரும் சேர்ந்து கலவையின் எடை 725 கிராம், அதாவது 14 சதவீதம்கூட முழுதாக இல்லை. அந்த அளவில் மைனஸ் 18 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் பாகாக நிற்கும், மீதி எல்லாம் பனிக்கட்டியும் நாரும். சர்க்கரையை 27 சதவீதத்துக்குக் கொண்டு போயிருந்தால் ஐந்தில் இரண்டு பங்கு பாகாக நின்றிருக்கும். கரண்டி இறங்குவதற்கும் இறங்காததற்கும் நடுவில் இருக்கும் வித்தியாசம் இதுதான். உங்கள் ஃப்ரீசரும் மிக்ஸியும் இதில் ஒரு தப்பும் செய்யவில்லை.

ருசியில்லாமல் போனதற்கும் இதே காரணம்தான், கூடவே இன்னொன்றும் உண்டு. குளிர்ந்த பொருளில் இனிப்பு நாக்குக்குக் குறைவாகவே தெரியும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்பானத்தையும், வெளியில் கிடந்து வெதுவெதுப்பான அதே பானத்தையும் குடித்துப் பார்த்தால் உடனே புரியும். வெதுவெதுப்பானது திகட்டும். ஆகவே உறைய வைக்கும் முன் நாக்கில் சரியாக இருக்கும் கலவை, உறைந்த பிறகு சப்பென்றுதான் இருக்கும். உறைய வைக்கும் முன் 'கொஞ்சம் அதிகமாக இனிக்கிறதே, புளிப்பும் தூக்கலாக இருக்கிறதே' என்று தோன்றினால் அதுதான் சரியான இடம்.

சரி, சர்க்கரையைக் கூட்டாமல் முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். கரண்டியால் எடுத்து வைக்கிற மாதிரியான சோர்பே, பல நாள் ஃப்ரீசரில் இருந்து எடுத்தாலும் மிருதுவாக இருக்க வேண்டும் என்றால், முடியாது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்டீவியா மாதிரியான இனிப்பூட்டிகளைப் பலர் சொல்வார்கள். அவை சிட்டிகை அளவிலேயே இனிப்பைக் கொடுத்துவிடும். ஆனால் உறைநிலையை இறக்குவது இனிப்பு இல்லை, தண்ணீரில் கரைந்திருக்கும் பொருளின் அளவு. சிட்டிகைப் பொடி அந்த வேலையைச் செய்யாது. இனிப்பாக இருக்கும், கல்லாகவும் இருக்கும். எரித்ரிட்டால் என்ற இன்னொரு இனிப்பூட்டி உறைநிலையை இறக்கும்தான், ஆனால் குளிரில் அதுவே பிரிந்து படிகமாகி நறநறக்கும். சர்க்கரையைக் குறைத்துச் சாப்பிட வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி வேறு. நல்ல சோர்பேயைச் செய்து சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுங்கள். இல்லையென்றால் பழத்துண்டுகளை அப்படியே உறைய வைத்து, சாப்பிடும் நேரத்தில் மிக்ஸியில் அடித்து உடனே பரிமாறுங்கள். அடித்த சூட்டில் அது மென்மையாக இருக்கும், திரும்ப உறைய வைக்காதவரை கல்லாகாது. நன்கு பழுத்த வாழைப்பழத்தை இப்படிச் செய்தால் ஒரு துளிச் சர்க்கரை சேர்க்காமலே க்ரீம் மாதிரி வரும். வீட்டில் யாருக்காவது நீரிழிவு இருந்தால், பழச் சர்க்கரையும் கணக்கில் வரும் என்பதால், எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவர்களுடைய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அது சமையல்காரர் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

இப்போது அளவு. பழத்தில் இருக்கும் சர்க்கரையும் நாம் சேர்க்கும் சர்க்கரையும் சேர்ந்து மொத்தக் கலவையில் 25 முதல் 30 சதவீதம் இருக்க வேண்டும். வீட்டுக்கு 27 என்று பிடித்துக்கொண்டால் போதும். மாம்பழத்துக்கு நான் போடும் கணக்கு: சதை 500 கிராம், சர்க்கரை 120 கிராம், தண்ணீர் 100 மில்லி, எலுமிச்சைச் சாறு 2 மேசைக்கரண்டி, ஒரு சிட்டிகை உப்பு. மொத்தம் 750 கிராம், அதில் சர்க்கரை 195 கிராம், அதாவது 26 சதவீதம். தண்ணீரைக் கொதிக்கவிட்டுச் சர்க்கரையைக் கரைத்து, முழுக்க ஆறவிட்டுச் சேருங்கள். பழத்தைக் காய்ச்சாதீர்கள். மாம்பழத்தைச் சூடாக்கினால் ஜாம் வாசனை வந்துவிடும், புதுப்பழ வாசனை போய்விடும். அளக்கத் தராசு இருந்தால் மிகவும் நல்லது. ஸ்பூன் கணக்கில் ஒருவருடைய ஸ்பூனுக்கும் இன்னொருவருடைய ஸ்பூனுக்கும் நிறைய வித்தியாசம் வரும். சோர்பேயில் 30 கிராம் சர்க்கரை கூடுவதோ குறைவதோ பதத்தில் நன்றாகத் தெரியும்.

அன்னாசி வேறு மாதிரி. நார் குறைவு, சாறு அதிகம், இனிப்பும் மாம்பழத்தை விடக் கொஞ்சம் குறைவு. அடித்து வடிகட்டிய 500 கிராம் அன்னாசிக்கு 110 கிராம் சர்க்கரை போடுங்கள். தண்ணீரே வேண்டாம், பழச்சாற்றில் நேரடியாகக் கரைத்துவிடலாம். அதை மிக்ஸியில் ஒரு நிமிடம் ஓட்டி, பத்து நிமிடம் கழித்து விரலில் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். மணல் மாதிரி நெருடினால் இன்னும் கரையவில்லை. நடுத்தண்டை வெட்டி எறிந்துவிடுங்கள், அதில் நார்தான் அதிகம். அன்னாசியில் புரதத்தை உடைக்கும் ஒரு நொதி இருக்கிறது. பச்சையாகச் சாப்பிட்டால் நாக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம். உறைய வைத்தால் அது அழியாது. சூடு காட்டினால்தான் அழியும். சோர்பேயின் பதத்துக்கு அதனால் ஒரு கெடுதலும் இல்லை, அதனால் நான் சூடாக்குவதில்லை. ஆனால் கெட்டிப்படுத்த ஜெலட்டின் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் அன்னாசியிலும் பப்பாளியிலும் அதை முயல வேண்டாம். பச்சைப் பழத்தோடு சேர்த்தால் ஜெலட்டின் இறுகவே இறுகாது.

பேஷன் ஃப்ரூட்டின் புளிப்பும் வாசனையும் மிக வலுவானவை. அதனால் அதில் தண்ணீர் தாராளமாகச் சேர்க்கலாம். விதை நீக்கிய சாறு 200 கிராமுக்குத் தண்ணீர் 300 மில்லி, சர்க்கரை 160 கிராம். என்னைக் கேட்டால் எல்லாச் சோர்பேகளிலும் இதுதான் முதல் இடம், உறைந்த பிறகும் இதன் வாசனை குறையாது. பப்பாளிக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. தனியாகச் செய்தால் மந்தமாக இருக்கும். எலுமிச்சையை இரண்டு மடங்காக்கி, முடிந்தால் பேஷன் ஃப்ரூட்டையோ அன்னாசியையோ கலந்து செய்யுங்கள். கொய்யாவின் சதையில் சின்னச் சின்ன மணல் போன்ற செல்கள் உண்டு, நுண்ணிய சல்லடையில் இரண்டு முறை தேய்த்து வடிகட்டினால்தான் நாக்கில் நெருடாது. பலாப்பழமும் சப்போட்டாவும் ஏற்கெனவே இனிப்பு மிகுந்தவை, 500 கிராமுக்கு 80, 90 கிராம் சர்க்கரையில் ஆரம்பித்து ருசி பார்த்து ஏற்றுங்கள். லிச்சிக்கு மாம்பழக் கணக்கே போதும், ஆனால் எலுமிச்சையில் கஞ்சத்தனம் வேண்டாம்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும், இதில் விளையாட்டு வேண்டாம். சீத்தாப்பழம், முள்சீத்தா இரண்டின் விதையிலும் நச்சுத்தன்மை உண்டு. சதையோடு விதையைச் சேர்த்து மிக்ஸியில் ஒரு சுற்றுகூட ஓட்டக்கூடாது. கையால் பிசைந்து ஒவ்வொரு விதையையும் எடுத்து, எண்ணிக்கை சரியா என்று மறுபடி தடவிப் பார்த்த பிறகுதான் மிக்ஸிக்குப் போக வேண்டும். விதைத்தூள் பட்ட கையால் கண்ணைத் தொட்டால் கடுமையான எரிச்சல் வரும். நேரம் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் இதற்குக் குறுக்கு வழி இல்லை.

இனி சந்தேகமான பக்கம். மேலே சொன்ன கிராம் கணக்கில் நான் சேர்க்கச் சொன்ன சர்க்கரை நிச்சயமானது, பழத்துக்குள் இருக்கும் சர்க்கரை உத்தேசமானது. ரகம், பழுத்த அளவு, விளைந்த பருவம், மழை எல்லாவற்றாலும் அது மாறும். ஒரே கூடையில் இருக்கும் இரண்டு மாம்பழங்களில் ஒன்று 12 சதவீதமும் இன்னொன்று 18 சதவீதமும் இருப்பது சாதாரணம். டின்னில் வரும் மாம்பழக் கூழில் பெரும்பாலும் சர்க்கரை ஏற்கெனவே சேர்த்திருப்பார்கள், லேபிளைப் பார்க்காமல் என் கணக்கைப் போட்டால் உறையாத கூழாகத்தான் வரும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே தப்பைச் செய்தேன். பருவத்தின் கடைசியில் வந்த, தோல் சுருங்கிய, தேன் மாதிரி இனித்த மாம்பழத்துக்கு, பருவத்தின் தொடக்கத்தில் எழுதி வைத்த அதே சர்க்கரையைப் போட்டேன். மூன்று மணி நேரம் மெஷினில் சுற்றியும் கெட்டிப்படவில்லை. அன்று எனக்குப் பயிற்சி கொடுத்த மூத்தவர் ஒரு ஸ்பூனில் கலவையை எடுத்து என் வாயில் வைத்து, "குறிப்பைப் படிக்காதே, பழத்தைப் படி" என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறையும் பழத்தைத் தனியாக ருசி பார்த்த பிறகுதான் சர்க்கரையை எடுக்கிறேன்.

சமையலறையில் ரிஃப்ராக்டோமீட்டர் என்று ஒரு சின்னக் கருவி வைத்திருப்போம். ஒரு சொட்டுக் கலவையைக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தால் சர்க்கரைச் சதவீதம் தெரியும். வீட்டில் அதற்கு அவசியமில்லை. முட்டையைப் போட்டுப் பார்க்கும் பழைய வழி ஒன்று உண்டு. கழுவிய புது முட்டையைக் கலவையில் விட்டால், அதன் தலை ஒரு நாணயம் அளவுக்கு வெளியே தெரிய வேண்டும். முழுக்க மூழ்கினால் சர்க்கரை குறைவு, பாதி முட்டை வெளியே நின்றால் அதிகம். அன்னாசி, பேஷன் ஃப்ரூட் மாதிரி நீர்த்த கலவையில் இது பரவாயில்லாமல் வேலை செய்யும். மாம்பழக் கூழில் நம்ப முடியாது. கூழின் கெட்டித்தன்மையாலேயே முட்டை எங்கே வைத்தாலும் அங்கேயே நிற்கும். பழைய முட்டை வெறும் தண்ணீரிலேயே மிதக்கும், அதை வைத்துப் பார்த்தாலும் ஏமாற்றம்தான். பச்சை முட்டை ஓட்டில் கிருமி இருக்க வாய்ப்பு உண்டு என்பதால், கொஞ்சம் கலவையைத் தனி டம்ளரில் எடுத்துச் சோதித்துவிட்டு அதைக் கொட்டிவிடுவது நல்லது.

இதை விட எனக்குப் பிடித்த சோதனை மிக எளிது. இரண்டு ஸ்பூன் கலவையைச் சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் மெல்லிய படலமாகப் பரப்பி ஃப்ரீசரில் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு ஸ்பூனால் கீறிப் பாருங்கள். ஸ்பூன் வழுக்கி, கண்ணாடி மாதிரிச் சில்லு தெறித்தால் சர்க்கரை குறைவு. சுருண்டு வந்தால் சரி. இன்னும் ஈரமாகப் பிசுபிசுத்தால் அதிகம், கொஞ்சம் தண்ணீரோ பழமோ சேருங்கள். மொத்தக் கலவையும் இன்னும் திரவமாகத்தான் இருக்கிறது, அதனால் திருத்துவதற்கு இதுதான் சரியான நேரம்.

புளிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. எலுமிச்சை இனிப்பைக் குறைப்பதில்லை, 27 சதவீதச் சர்க்கரையைத் திகட்டாமல் வைக்கிறது. வெப்பமண்டலப் பழங்களில் பலவற்றுக்கு வாசனை அதிகம், புளிப்பு குறைவு. மாம்பழம், பப்பாளி, லிச்சி, பலா எல்லாம் அப்படித்தான். சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும்போதெல்லாம், முதலில் இன்னொரு ஸ்பூன் எலுமிச்சைச் சாற்றைச் சேர்த்து ருசி பாருங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அடுத்தது உறைய வைப்பது. சர்க்கரை சரியாக இருந்தாலும், கலவையை அசைக்காமல் மெதுவாக உறையவிட்டால் படிகங்கள் பெரிதாக வளரும், நாக்கில் நறநறக்கும். மெஷின் செய்கிற வேலை இரண்டுதான்: வேகமாகக் குளிர வைப்பது, உறையும்போதே விடாமல் கிளறிக்கொண்டிருப்பது. வீட்டில் இதற்குச் சிறந்த மாற்று, ஐஸ் ட்ரேயும் மிக்ஸியும். கலவையை முதலில் ஃப்ரிட்ஜில் நாலைந்து மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க, குளிரவையுங்கள். ஐந்தாறு ஸ்பூன் கலவையைத் தனியாக ஃப்ரிட்ஜிலேயே வைத்துவிட்டு, மீதியை ஐஸ் ட்ரேக்களில் ஊற்றி உறைய வையுங்கள். சின்னக் கட்டிகளாக இருப்பதால் பெரிய டப்பாவை விட வேகமாக உறையும். மறுநாள் கட்டிகளை எடுத்து ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். மிக்ஸி ஜாரையும் முன்கூட்டியே ஃப்ரீசரில் குளிரவைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஜாரில் பாதிக்கு மேல் போடாதீர்கள். விட்டு விட்டு ஓட்டுங்கள். முதலில் கடகடவென்று கல் உருளும் சத்தம் வரும், பிறகு சத்தம் குறைந்து உள்ளே ஈர மணல் மாதிரித் தெரியும். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் பயந்து தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். வேண்டாம். மூடியைத் திறந்து ஓரங்களை வழித்துவிட்டு, எடுத்து வைத்த குளிர்ந்த கலவையில் இரண்டு ஸ்பூன் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். மணல் சட்டென்று ஒன்று சேர்ந்து, நிறம் ஒரு படி வெளிறி, வழுவழுவென்று பிளேடைச் சுற்றி மடிந்து விழத் தொடங்கும். அதோடு நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஓட்டினால் பிளேடின் சூட்டில் உருக ஆரம்பிக்கும், உருகியது திரும்ப உறையும்போது பெரிய படிகமாகும். மோட்டார் முனகினாலோ சூடு வாசனை வந்தாலோ உடனே நிறுத்தி ஆறவிடுங்கள். சின்ன மிக்ஸியாக இருந்தால் மூன்று தடவையாகப் பிரித்து அடிப்பதே நல்லது.

மிக்ஸியும் வேண்டாம் என்றால், அகலமான தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு ஊற்றி, அரை மணிக்கு ஒருமுறை முள்கரண்டியால் ஓரத்தில் உறைந்ததை நடுவுக்குக் கொண்டுவந்து அடித்துக் கலக்க வேண்டும். மூன்று, நான்கு மணி நேரம் இப்படிச் செய்ய வேண்டியிருக்கும். வழுவழுப்பு மிக்ஸி அளவுக்கு வராது, பூப்பூவாக வரும். அந்தப் பதத்தை விரும்புகிறவர்களும் உண்டு. குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது. இறுக்கமாக மூடும் ஜிப் பையில் கலவையைப் போட்டு, அதை ஐஸும் கல்லுப்பும் நிரப்பிய பெரிய பைக்குள் வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் குலுக்குவது. எடையில் ஐஸ் மூன்று பங்கு, உப்பு ஒரு பங்கு. உப்பு சேர்ந்த ஐஸ் மைனஸ் 20 டிகிரி வரைகூடக் குளிரும், அதனால் வெறும் கையில் பிடிக்காமல் துண்டைச் சுற்றிக்கொள்ள வேண்டும். உப்புநீர் உள்ளே கசியாதபடி உள்பையை இரட்டையாக்கிவிடுங்கள். ஒரு கப் அளவுக்கு மேல் இந்த முறையில் செய்வது சிரமம்.

இன்னும் மிருதுவாக வேண்டும் என்றால் சில சேர்க்கைகள் உதவும். சர்க்கரையில் கால் பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாக குளுக்கோஸ் பாகு சேர்த்தால் படிகங்கள் சிறிதாக நிற்கும், இனிப்பும் கொஞ்சம் குறையும். நான் தொழிலில் தவறாமல் செய்வது இது. தேனும் மென்மை கொடுக்கும், ஆனால் அதன் வாசனை மெல்லிய பழத்தை மூடிவிடும், அதனால் அன்னாசிக்கு மட்டும் எப்போதாவது சேர்ப்பேன். சான்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் பொடி முக்கால் கிலோ கலவைக்கு ஒரு கிராம் வரை போதும், அதற்கு மேல் போனால் சளி மாதிரி இழுபடும். பழைய குறிப்புகளில் பச்சை முட்டையின் வெள்ளைக்கரு வரும். கிருமி பயம் இருப்பதால் நான் அதை விட்டுவிட்டேன், அது இல்லாமலே பதம் நன்றாக வருகிறது. தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினால் கொழுப்பினால் ஐஸ்க்ரீம் மாதிரி வழுவழுப்பு வரும். மாம்பழத்துக்கும் அன்னாசிக்கும் அது மிகவும் பொருந்தும்.

சுத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். உறைய வைப்பது கிருமிகளைக் கொல்வதில்லை, தூங்க வைக்கிறது, அவ்வளவுதான். தோலைச் சீவும் முன் பழத்தைக் கழுவ வேண்டும், சேர்க்கும் தண்ணீர் காய்ச்சியதாக இருக்க வேண்டும்.

முடிந்த சோர்பேயை உயரம் குறைந்த டப்பாவில் அழுத்தி நிரப்பி, மேற்பரப்பில் ஒட்டும்படி பிளாஸ்டிக் தாளை விரித்து மூடி, ஃப்ரீசரின் உட்புறத்தில், கதவிலிருந்து தள்ளி வையுங்கள். கதவைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் மேல்பகுதி கொஞ்சம் இளகித் திரும்ப உறையும், அப்போது படிகங்கள் வளரும். இரண்டு, மூன்று மணி நேரத்தில் எடுத்து வைக்கும் பதம் வந்துவிடும். ஒரு வாரத்துக்குள் சாப்பிட்டால் வாசனை முழுதாக இருக்கும், அதற்கப்புறம் கெட்டுப்போகாது, ஆனால் பழம் மங்கத் தொடங்கும். எவ்வளவு சரியாகச் செய்தாலும் மைனஸ் 18 டிகிரியிலிருந்து நேராகக் கிண்ணத்துக்கு வந்தால் கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். பரிமாறுவதற்கு ஐந்து, பத்து நிமிடம் முன்பே வெளியே எடுத்து வையுங்கள்.

கடைசியாக, உங்கள் ஃப்ரீசரில் இப்போது கிடக்கும் அந்தக் கட்டியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அதைச் சரிசெய்ய முடியும். நீங்கள் சொன்ன அளவின்படி அது 725 கிராம், அதில் 100 கிராம் சர்க்கரை. இன்னும் 130 கிராம் சேர்த்தால் 27 சதவீதத்துக்கு வந்துவிடும். டப்பாவை ஃப்ரிட்ஜுக்குள் மாற்றி வைத்து, அங்கேயே உருகவிடுங்கள். உருகியதில் ஒரு கப் மட்டும் எடுத்து, 130 கிராம் சர்க்கரையைப் போட்டு, கைச்சூட்டுக்குக் கொஞ்சம் மேல் வரை சூடாக்கிக் கரைத்து, ஆறவைத்துத் திரும்பக் கலந்துவிடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் போனதால் மாம்பழம் கொஞ்சம் நீர்த்துத்தான் இருக்கும். எலுமிச்சைச் சாறு மூன்று ஸ்பூனும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து ருசி பாருங்கள். இன்னொரு பழுத்த மாம்பழம் கையில் இருந்தால் அதையும் அடித்துச் சேர்த்து, கூடவே இன்னொரு 30 கிராம் சர்க்கரையைப் போடுங்கள். பிறகு எவர்சில்வர் கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் வைத்து அந்த ஒரு மணி நேரச் சோதனையைச் செய்துவிட்டு, மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றுங்கள்.